தாங்கள் குனிந்து வந்தது குறித்து

கிளாத்தென்,
வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தது

பெருமதிப்பிற்குரிய பாக் மங்குன்டிஹார்ஜோ அவர்களின் சமுகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் தங்களையும், தங்கள் துணைவியார் இபு சுலஸ்தீனா அவர்களையும், குமாரர் செனோவையும் பூரண சுகத்தோடும், கூடுமானால் கோபமில்லாமலும் வந்தடைய வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறேன். புர்வொரெஜோவில் மழை நின்றிருக்கும் என்றும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி வுர்யானியும் நலம். மகள் நிக்கென் நலமாக இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.

நிற்க. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தாங்கள் மூவரும் என் வீட்டு வாசலுக்கு வந்து, முறைப்படி மூன்று தடவை 'குலோனுவுன்' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'மொங்கோ, வாங்க' என்று ஒரு பதிலும் வராததால், கொண்டு வந்த வாழைத்தாரையும் வாஜிக் இனிப்புப் பெட்டியையும் பக்கத்து வீட்டு இபு பைமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கதவு திறக்காவிட்டால் அதுவே பதில் என்று தாங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பதிலை நான் சொல்லவில்லை ஐயா! நமக்கு நடுவில் ஒரு கதவும் இரண்டு மீட்டர் தூரமும்தான் இருந்தன. நான் காலை எட்டு மணிக்கே குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட பாட்டிக் சட்டை அணிந்து, முன்னறையில் தங்களுக்காகவே மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். குற்றம் என்னுடையது அல்ல. துவரம்பருப்பு அளவே உள்ள ஒரு சாமானுடையது. கொஞ்சம், மன்னிக்க வேண்டும், தங்களுடையதும்கூட.

என்னைப் பற்றிச் செனோ சொல்லியிருப்பார். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம். இந்த வட்டாரத்தில் எந்த வரப்பு எவன் பக்கம் எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று என்னைக் கேட்டுத்தான் சண்டையே தொடங்குவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவி காய் நறுக்கச் சொல்கிறாள் என்பதால், ஈயப்பற்று வைக்கிற கோலை வாங்கிக்கொண்டு, சின்னச் சின்ன மின்னணுச் சாமான்களைச் சேர்த்து ஏதாவது செய்து பார்க்கும் பழக்கத்தில் இறங்கினேன். அப்படி வாங்கியதுதான் இந்தத் தூரம் அளக்கும் சென்சார். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்று எண்ணி, தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். ஒரு மீட்டர், மிஞ்சிப் போனால் ஒன்றேகால் மீட்டர், அவ்வளவுதான் அதன் பார்வை. வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்து வேகாத வேக்காடு வெந்தவனுக்கு இதைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளே என் இரும்பு நாடாவை எடுத்து அதோடு போட்டி வைத்தேன். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்று மில்லிமீட்டருக்காக என் காலத்தில் யாரும் மண்வெட்டியைத் தூக்கியதில்லை, ஆகவே மன்னித்துவிட்டேன்.

இதை ஏன் வாசலில் கொண்டுபோய் வைத்தேன் என்றால், இந்த ஊர்க்காரர்கள் வரவர மிகவும் மெதுவாகப் பேசுகிறார்கள். வாசலில் வந்து நிற்பவர் 'குலோனுவுன்' சொன்னாரா, கொட்டாவி விட்டாரா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. அழைப்பு மணி இருக்கிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்காரரை அதிகாரம் செய்வது போலாகிவிடும் என்று நம்மவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர் மட்டும் அழுத்துவார், அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. இதனால் இரண்டு மூன்று பேர் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவர் என் சொந்தத் தங்கை மாப்பிள்ளை. அதற்கு என் மனைவி சொன்னது: "நிக்கென் அப்பா, ஊரெல்லாம் ஒரே நாள்ல மெதுவாப் பேச ஆரம்பிச்சிடுச்சா? ஒரு தடவை காது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம், வாங்க." நான் சொன்னேன், "என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நீதான் வாய்க்குள்ளயே பேசுற." இதே பேச்சு மூன்று வருஷமாக நடக்கிறது. ஆகவே சென்சாரைக் கதவு நிலையில் வெளியே பார்த்தபடி பொருத்தி, முன்னறை மேஜையில் ஒரு சிவப்பு விளக்கை வைத்து, எண்பது சென்டிமீட்டருக்குள் யார் வந்து நின்றாலும் விளக்கு எரியும்படி செய்தேன். வருகிறவர் வாய் திறக்கவே வேண்டாம். இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்?

பொருத்திய முதல் நாள் விளக்கு எரிந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து "மொங்கோ" என்றேன். யாருமில்லை. வந்து உட்கார்ந்தேன், விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடியும் போய், "மொங்கோ, உள்ள வாங்க, கூச்சப்படாதீங்க" என்றேன். இப்படியே பதினோரு நாள்! சென்சார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறது, மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், கதவோடு ஒட்டிக்கொண்டு, இராப்பகலாக ஒருவர் நிற்கிறார் என்று. நான் வெற்று வாசலைப் பார்த்து விருந்தாளியை உபசரிப்பதைத் தெருவே பார்த்தது. நான்காம் நாள் இபு பைமா வாழையிலையில் பூவும் சாம்பிராணியும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியறாங்களா பாக் த்ரிமான்? ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தூசி படாமலிருக்கத் தொழிற்சாலையில் சென்சார் மேல் ஒட்டிய மஞ்சள் காகிதத்தை நான் உரிக்கவே இல்லை. அது தன் மூக்குக் கண்ணாடி உறையையே விருந்தாளி என்று பதினோரு நாள் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது. உரித்ததும் ஆவி போய்விட்டது. இபு பைமா மட்டும் தன் சாம்பிராணியால்தான் போயிற்று என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது கோழி. முதலில் முழங்கால் உயரத்தில் பொருத்தியிருந்தேன். இபு பைமாவின் கோழிகள் ஒவ்வொன்றாக வந்து நின்று, விளக்கை எரியவைத்து, நான் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயின. ஒரே காலையில் அறுபத்திரண்டு தடவை எழுந்திருக்கிறேன். கோழிக்கு மொங்கோ சொல்கிறவன் என்று பெயர் வந்துவிடும் போலிருந்தது, ஆகவே சென்சாரைக் கழற்றி, சராசரி மனிதனின் மார்பு எந்த உயரமோ அந்த உயரத்தில், நூற்று இருபது சென்டிமீட்டரில், மட்டம் பார்த்துப் பொருத்தினேன். சோதனைக்கு என் நண்பர் பாக் ஜுமாடியை அழைத்தேன். அவர் சுரபாயாக்காரர்; துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர்; இந்தத் தெருவில் எனக்கு நன்றாகக் கேட்கிற ஒரே குரல் அவருடையது. "யோவ் த்ரிமான்! எத்தன தடவய்யா நடக்கணும்? கால் ஒடியுது! காப்பியாவது போடச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி இருபது தடவை வந்தார், இருபது தடவையும் விளக்கு எரிந்தது. நாற்பது தடவை வந்தார், நாற்பது தடவையும் எரிந்தது. நான் குறிப்பேட்டில் 'பிழை: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சுரபாயாக்காரரை வைத்துச் சோதித்துவிட்டு நம் பக்கத்து மனிதர்களுக்குப் பொருத்தினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

இப்போது தாங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் வீட்டு முகப்பில் கதவையொட்டி ஒரு மூங்கில் கட்டில் கிடக்கிறது. காலையில் அங்கே நிழல் இருப்பதால் இபு பைமா அதில் உட்கார்ந்துதான் முளைப்பயறு ஆய்வார். எண்பது வயதைத் தொட்ட பெரிய மனுஷி உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டித் தங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து நடப்பார்களா? வலது கையைத் தரையை நோக்கி நீட்டி, இடுப்பை வளைத்து, 'பொறுத்துக்கணும், பொறுத்துக்கணும்' என்று முனகிக்கொண்டே முழங்கால் வலியோடு தாங்கள் கடந்து வந்ததை அவரே பெருமையாகச் சொன்னார். கதவருகே வந்த பிறகும், அவர் பக்கத்திலேயே இருப்பதால், முதுகை நிமிர்த்தவில்லையாம். கறுப்புத் தொப்பி போட்ட தலையைக் குனிந்தபடியேதான் மூன்று தடவையும் கூப்பிட்டீர்களாம். தங்கள் துணைவியார் தங்களுக்குப் பின்னாலும், செனோ அவருக்கும் பின்னாலும் அதேபோல் குனிந்து நின்றார்களாம். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் அப்படி யார் குனிகிறார்கள்?

மதியம் இபு பைமா வாழைத்தாரைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பதறிப்போய், "நான் உள்ளதான இருந்தேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் என் காதருகே வந்து கத்தினார்: "உள்ள இருக்காருன்னு சொன்னேனே!" "அப்புறம் ஏன் போனாங்க?" "உள்ள இருந்துக்கிட்டே தெறக்கலன்னா என்ன அர்த்தம்? அதான் போனாங்க." "எனக்குக் கேக்காதுன்னு சொல்லியிருக்கலாமே!" அதற்கு அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சம்பந்தம் பேச வந்தவங்ககிட்டப் போயி, இந்த வீட்டுக்காரருக்குக் காது அவுட்டுன்னு நான் சொல்லுவனா? என்ன வளர்ப்புன்னு நெனச்சீங்க என்னை?" என்றார். தங்கள் மரியாதையும் அவர் மரியாதையும் சேர்ந்து என் மகள் வாழ்க்கையை என்ன பாடு படுத்திவிட்டன, பார்த்தீர்களா.

அன்று நிக்கெனுக்கு மருந்துக்கடையில் ஞாயிற்றுக்கிழமை முறை. மூன்று மணிக்கு வந்தவள் வாழைத்தாரைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவங்க வந்தாங்களா?" என்றாள். நான் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "நாலு வருஷமா செனோவத் தவிர வேற யாரையும் நான் நெனச்சதில்லப்பா. அவங்க அப்பா ஒரு தடவைதான் வருவாரு. ரெண்டாம் தடவை வந்தா உங்களக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு வரமாட்டாரு. அவ்வளவு நல்லவரு." சொல்லிவிட்டு மேஜையில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது எரியவில்லை.

நான் அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை. கருவி ஒவ்வொரு அளவையும் ஒரு சில்லில் பதிந்து வைக்கிறது, எடுத்துப் பார்த்தேன். பத்து மணி பன்னிரண்டுக்கு ஒரு பதிவு இருக்கிறது, ஆனால் அதில் தூரம் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அதாவது தாங்கள் என் வாசலில் இல்லை. எட்டு மீட்டர் தள்ளி, எதிர்ச்சாரியில் உள்ள சாத்தே கடையின் இறைச்சி சுடும் அடுப்புக்குள் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்றேகால் மீட்டர் பார்வை உள்ளதற்கு எட்டு மீட்டர் எப்படித் தெரிந்தது என்று ஒரு இரவும் ஒரு பகலும் யோசித்தேன். பிறகு துடைப்பக்குச்சியின் நுனியில் என் தொழுகைத் தொப்பியை, அந்தக் கறுப்பு வெல்வெட் பெச்சியைத்தான், மாட்டி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சென்சாருக்கு நேரே நீட்டினேன். எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு! தொப்பியை எடுத்துவிட்டு என் வழுக்கைத் தலையைக் காட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு, சுத்தமாக. விஷயம் இதுதான் ஐயா: கறுப்பு வெல்வெட் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது, திருப்பிக் கொடுப்பதில்லை. ஒளி திரும்பாவிட்டால் கருவி 'எதுவும் தெரியவில்லை' என்பதற்கு அடையாளமாக அந்த எண்ணைப் போடுகிறது. தாங்கள் நிமிர்ந்து வந்திருந்தால் சட்டைப் பொத்தானைப் பார்த்திருக்கும். குனிந்ததால் தொப்பியின் உச்சியை நீட்டினீர்கள். ஆக, நெஞ்சை நிமிர்த்தி வரும் முரடன், கடன் கேட்க வருகிறவன், பாக் ஜுமாடி, கோழி, காகிதத்தின் ஆவி, எல்லாரையும் என் கருவி கண்டுகொள்ளும். தொப்பி போட்டுத் தலைகுனிந்து வருகிற பண்பாளரை மட்டும் கண்டுகொள்ளாது. முப்பத்து நான்கு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் நான் பார்த்த எத்தனையோ மேலதிகாரிகளும் இப்படித்தான் வேலை செய்தார்கள், அதனால் கருவியை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு மீதியையும் எழுதிவிடுகிறேன். நேரில் என்றால் சொல்லமாட்டேன். ஊர்க்காரர்கள் யாரும் மெதுவாகப் பேசவில்லை. எனக்குக் காது கேட்பதில்லை. மூன்று வருஷமாகக் கேட்பதில்லை. பள்ளிவாசல் பாங்கு எனக்கு எங்கோ தூரத்தில் கொசு கத்துவது போலிருக்கிறது. நிக்கென் சின்ன வயதில் சமையலறையில் பாடிக்கொண்டே தட்டு கழுவுவாள். இப்போதும் பாடுகிறாளா என்று முதுகைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டுதான் விளக்கும் கம்பியும் லேசரும் வைத்துச் சுற்றி வளைத்தேன். அதன் பலன் என் மகள் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே, தாங்கள் எந்த நாளில் வந்தாலும் வரலாம். நான் கருவியைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்காததைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சம்மதம். செனோவை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் மகளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் குறையாதிருக்கவும், தங்கள் முழங்கால்கள் தங்களுக்கு நெடுங்காலம் கீழ்ப்படியவும், நம் இரண்டு வீட்டுப் பெயர்களும் ஒரே அழைப்பிதழில் சேரவும் இறைவன் அருள்புரியட்டும். இபு சுலஸ்தீனா அவர்களுக்கு என் மனைவியின் சலாம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
த்ரிமான்
நில அளவையாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு, தங்கள் குரலை அன்றைக்கே, மூன்று தடவையும், சமையலறையிலிருந்து தெளிவாகக் கேட்டதாகச் சொல்கிறாள். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். "எப்படித் தெறக்கறது? பாட்டிக் சட்டை நாற்காலி மேல தொங்குது. நீங்க ஓட்ட பனியனோட, சாரத்த தொடைக்கு மேல ஏத்திச் சொருகிக்கிட்டு, வாயில கம்பியக் கவ்விக்கிட்டுத் தரையில குந்தியிருக்கீங்க. விருந்தாளி நாற்காலி ஆறுலயும் உங்க சாமான். அந்தக் கோலத்தப் பாத்திருந்தா அந்த மனுஷன் இந்த ஜென்மத்துல திரும்பி வரமாட்டாரு. ஆளில்லன்னு போனா, சமாதானம் சொல்லி மறுபடி வரவைக்கலாம்" என்கிறாள். அதன்படி அன்று சாயங்காலமே தங்கள் துணைவியாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்று நாளும் குறித்துவிட்டாளாம். தங்களுக்கும் எல்லாம் தெரியுமாம். நிக்கெனுக்கும் அன்று இரவே தெரியுமாம். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்றுதான் ஒரு வாரமாக என்னோடு பேசாமல் இருந்தாளாம்.

நான்கு நாளாக ராத்திரி பகலாக எழுதுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். அதற்கு வுர்யானி கடிதத்தின் கடைசிப் பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "காது கேக்கலங்கற இந்தச் சொல்லு, மூணு வருஷமா நான் கேட்டும் உங்க வாயில வரல. யாரோ ஒரு மனுஷனுக்கு எழுதறீங்க. நடுவுல நிறுத்துவனா? இதுல கையெழுத்து வேற போட்டிருக்கீங்க, இனி டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு சொல்ல முடியாது" என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்குக் காதுக்கருவி பொருத்துகிறார்கள். இந்தத் தடவை தாங்கள் சத்தம் போட்டுக் கூப்பிடுவதாகச் செனோ நிக்கெனிடம் சொன்னாராம். வேண்டாம் ஐயா. அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே மெதுவாகக் கூப்பிடுங்கள். எனக்கு அதைக் கேட்க வேண்டும்.